திருவாசகம் புடாபெஸ்ட் போன கதை: ஓர் ஓரட்டோரியோவின் அடுக்களைக்குள் ஒரு எட்டு

நல்ல ஹெட்போன் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். 2005-இல் வெளிவந்த 'திருவாசகம் இன் சிம்பொனி'யின் அடுக்களைக்குள் இன்று ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறோம். யார் யார் என்னென்ன கொண்டுவந்து போட்டார்கள், எதை எதோடு சேர்த்துக் கொதிக்கவிட்டார்கள் என்று பார்க்கப்போகிறோம். நினைக்கும்போதே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

பாட்டு, சைவத் திருமுறைகளில் எட்டாவது. எழுதியவர், பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து சிவனுக்கு அடியாராகிப்போன திருவாதவூர் மாணிக்கவாசகர். இசையமைத்தவர் பண்ணைப்புரத்து இளையராஜா. வாசித்தது ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. ஆங்கில வரிகள், அமெரிக்காவின் பிராட்வே மேடையை ஆண்ட ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதியவை. ஒலிக்கலவை நடந்தது நியூயார்க்கில். இத்தனை பேரையும் ஒரே வேலையில் கொண்டுவந்து சேர்த்தது 'தமிழ் மையம்' என்ற அமைப்பு. அதன் முன்னால் நின்று ஓடியாடியவர் யார் தெரியுமா? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கப் பாதர், ஜெகத் கஸ்பர் ராஜ்!

இதைக் கேட்டதும் 'சிவபுராணத்துக்கும் பாதருக்கும் என்ன சம்பந்தம்' என்று வெளியூர்க்காரர்கள் புருவம் உயர்த்துவார்கள். நாஞ்சில் நாட்டில் வளர்ந்த எவருக்கும் அந்த ஆச்சரியம் வராது. இந்தப் படைப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு ஒலியும் இங்கே ஒரு தெரு தள்ளி இன்னொரு தெருவில் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். அவற்றை ஒரே மூச்சில் கேட்கவைத்ததுதான் இளையராஜாவின் சாதனை. எப்படிச் செய்தார் என்று வாருங்கள், உள்ளே போவோம்.

முதலில் ஆட்கள்

ஒரு திரைப்படம் பின்னால் இல்லாமல், கதாநாயகன் இல்லாமல், முழுநீள இசைக்குழுவை வைத்துப் பக்திப் பாடல் ஒன்றைப் பதிவு செய்வது லேசான காரியமா? ஆனால் அதற்கான ஆயத்தம் இளையராஜாவிடம் வெகுகாலமாகவே நடந்துகொண்டிருந்தது. 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக் என்ற இசையமைப்பாளருக்கும் ஒருசேரக் காணிக்கையாக வைத்தவர் அவர். திருவையாற்று மகானும் ஜெர்மானிய மேதையும் ஒரே அட்டைக்குள்! 1988-இல் 'நத்திங் பட் விண்ட்'. 1993-இல் லண்டன் ராயல் பில்ஹார்மானிக் குழுவுக்காக ஒரு சிம்பொனி. பிறகு 2000-இல் வந்த 'ஹே ராம்' படத்தின் பின்னணி இசையைப் புடாபெஸ்டில் போய்ப் பதிவு செய்தார். திருவாசகத்தைக் கையில் எடுக்கும்போது அந்த ஊர் அவருக்குப் புதிதில்லை. அங்கத்திய நரம்புக் கருவிகள் எந்த இடத்தில் எப்படிக் குழையும் என்பது அவர் காதில் ஏற்கெனவே பதிந்திருந்தது. திருவாசகத்தை லாஸ்லோ கோவாக்ஸ் கோலெடுத்து நடத்தினார்.

ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் விஷயத்துக்கு வருவோம், இது எனக்குப் பிடித்த இடம். டிஸ்னியின் 'போகஹாண்டஸ்' பாடல்களுக்கு ஆஸ்கர் வாங்கியவர், 'விக்கெட்' என்ற பிராட்வே நாடகத்தின் பாடல்களைச் செய்தவர் என்றுதான் உலகம் அவரைச் சொல்லும். ஆனால் அவருடைய தொடக்கத்தைப் பாருங்கள். 1971-இல் மத்தேயு நற்செய்தியை வைத்து 'காட்ஸ்பெல்' என்ற இசைநாடகம் செய்தார். அதே ஆண்டில் வாஷிங்டனின் கென்னடி மையம் திறக்கப்பட்டபோது, லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த 'மாஸ்' என்ற பிரம்மாண்டமான வழிபாட்டு அரங்கேற்றத்துக்கு ஆங்கில வரிகளில் கைகொடுத்தார். கத்தோலிக்கப் பூசையை ராக் இசை, இசைக்குழு, தெருப்பாடகர்கள் எல்லாவற்றோடும் கலந்த படைப்பு அது. அதாவது, பழைய வேத வரிகளை இன்றைய மனிதன் வாயில் வைத்துப் பார்க்கும் பயிற்சி அவரிடம் முப்பது ஆண்டுக்கு மேலாக இருந்தது. திருவாசகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஓர் ஆளை எங்கே போய்த் தேடுவது?

ஆங்கிலத்துக்குத் திருவாசகம் அப்போதுதான் முதன்முறை போனது என்றும் நினைக்க வேண்டாம். நமக்கு வடக்கே சாயர்புரத்தில் ஊழியம் பார்த்த ஜி. யு. போப், முழுத் திருவாசகத்தையும் மொழிபெயர்த்து 1900-இல் ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 80! அந்த வயதிலும் ஒரு கிறிஸ்தவ ஊழியரை விடாமல் பிடித்துவைத்திருந்த நூல் இது. நூறாண்டு கழித்து இன்னொரு பாதர் அதை இசைக்குழுவிடம் கொண்டுபோனார்.

நியூயார்க்கில் ஒலிக்கலவையைச் செய்தவர் கிராமி விருது பெற்ற ரிச்சர்ட் கிங். பாடியவர்களில் இளையராஜாவே முதன்மைக் குரல், ஆங்கிலப் பகுதிக்கு ராய் ஹார்கோர்ட், பவதாரிணியும் பாடியிருக்கிறார். சென்னை மியூசிக் அகாடமியில் நடந்த வெளியீட்டு விழாவில் வைகோ பேசிய பேச்சை இன்றைக்கும் தேடித்தேடிக் கேட்பவர்கள் உண்டு.

வேஷம் கட்டாத மேடை

ஓரட்டோரியோ என்றால் என்ன? புனிதக் கதையையோ புனிதப் பாடலையோ தனிக்குரல், சேர்ந்திசைக் குழு, இசைக்குழு மூன்றும் சேர்ந்து பாடிச் சொல்வது. வேஷம் இல்லை, ஒப்பனை இல்லை, நடிப்பு இல்லை. நின்ற இடத்தில் நின்று குரலால் மட்டுமே காட்ட வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் ரோமில் பிலிப் நேரி என்ற புனிதர் நடத்திய செபக்கூட்டங்களில் இதற்கு வித்து விழுந்தது. 1742-இல் டப்ளின் நகரில் அரங்கேறிய ஹாண்டலின் 'மெசையா' இந்த வடிவத்தை உலகப் புகழாக்கியது.

இப்போது நம் கொடைவிழாவுக்கு வாருங்கள். அம்மன் கோயில் முன்னால் பந்தல். நடுவில் மணிகள் கட்டிய நீண்ட வில், அது சாய்ந்திருக்கும் மண்குடம், பக்கத்தில் உடுக்கை, தாளம், கட்டை. அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்டி வில்லுப்பாட்டுக் கதையைத் தொடங்குகிறார். வலத்தே பாடுபவர்கள் அடி எடுத்துக்கொடுக்க, இடத்தே பாடுபவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். 'ஆமா' போடுபவர் ஒவ்வொரு வரிக்கும் உயிர் கொடுக்கிறார். இசக்கி கதையானாலும் சுடலைமாடன் கதையானாலும் வேஷம் கட்டுவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து குரலாலேயே காடும் சுடுகாடும் காட்டிவிடுகிறார்கள். தனிக்குரல், எதிர்க்குரல், கூட்டுக்குரல், வாத்தியம், தெய்வக் கதை என்று எல்லாம் இருக்கிறதே! அதுவும் போர்க்கருவியையும் தண்ணீர்க் குடத்தையும் வாத்தியமாக்கிய ஊர் இது. ஒலியில் புதுமை செய்ய யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

வில்லுப்பாட்டில் ஊறிய ஒருவர் திருவாசகத்தின் சேர்ந்திசையைக் கேட்டால் சட்டென்று பிடித்துக்கொள்வார்: தனியாள் ஒரு தவிப்பைச் சொல்கிறான், கூட்டம் அதை ஏற்று உலகத்தின் தவிப்பாக்குகிறது. இந்தப் படைப்பின் முழு இயந்திரமும் ஓடுவது அந்த ஒரே அச்சில்தான்.

ஆறு பதிகம், ஆறு வாசல்

திருவாசகத்தில் 51 பதிகங்கள். அத்தனையையும் எடுத்தால் ஆயுள் போதாது. இளையராஜா ஆறு இடங்களிலிருந்து எடுத்தார். அந்தத் தேர்வைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறு வேறு மனநிலை!

முதலில் திருக்கோத்தும்பி. அரச வண்டைக் கூப்பிட்டு, சிவனுடைய பாதத்தில் போய் ஊது என்று அனுப்பும் பாட்டு. ரீங்காரத்தில் தொடங்குவதே எத்தனை நயம்! ஓர் இசைக்குழுவை மக்களுக்கு அறிமுகம் செய்ய, ஊதச் சொல்லும் பாட்டைவிட நல்ல வாசல் உண்டா?

அடுத்தது சிவபுராணம். அதைத் தனியாகப் பார்ப்போம், அவசரப்படாதீர்கள்.

மூன்றாவது யாத்திரைப்பத்து. எல்லோரும் கூடிப் புறப்படுவோம் வாருங்கள் என்று அடியவர்களை அழைப்பது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மகாசிவராத்திரியின் சிவாலய ஓட்டம்தான் கண்முன் வரும். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவன் கோயில்களையும் ஓடியே தரிசிக்கும் கூட்டம். கையில் விசிறி, காவி வேட்டி. போவது சிவன் கோயிலுக்கு, வாயில் முழக்கமோ 'கோவிந்தா, கோபாலா'! சைவமும் வைணவமும் ஒரே மூச்சில் ஓடுகிற மண் இது. மூச்சிரைக்க ஓடும் கூட்டத்துக்குள் ஒரு தாளம் தானாகப் பிறக்கும், கேட்டிருக்கிறீர்களா? யாத்திரைப்பத்தில் சேர்ந்திசைக் குழு நுழையும்போது அந்தக் கூட்டத்தின் மூச்சு எனக்குக் கேட்கிறது.

நான்காவது பிடித்தபத்து, இறைவனை விடாமல் பிடித்துக்கொண்ட அடியவரின் பிடிவாதம். ஐந்தாவது திருப்பொற்சுண்ணம், இறைவன் நீராட மணப்பொடி இடிக்கும் பெண்கள், உலக்கை போட்டுக்கொண்டே பாடுவது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வேலைப் பாட்டு! பாட்டிலேயே உலக்கையின் ஏற்ற இறக்கம் அசையாக விழுந்து கிடக்கிறது. இசையமைப்பாளருக்குத் தாளத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மாணிக்கவாசகர். கடைசியில் அச்சப்பத்து. பாம்புக்கும் பயமில்லை, பொய்யர் சொல்லுக்கும் பயமில்லை, அன்பில்லாதவரைக் கண்டால்தான் பயம் என்று அடுக்கிக்கொண்டே போவது.

ஊதல், அழுகை, நடை, பிடிவாதம், உழைப்பு, துணிச்சல். வரிசையைப் பாருங்கள்! வண்டை அனுப்பத் தொடங்கிய ஆள் கடைசியில் எதற்கும் அஞ்சாமல் நிமிர்ந்து நிற்கிறான். ஆறு பாட்டுக்குள் ஒரு மனிதனின் பயணமே முடிந்துவிடுகிறது.

தாளில் நடக்கும் வித்தை

இனிதான் அடுக்களையின் உள்ளறை. இளையராஜா வேலை செய்யும் விதம் பலரும் பார்த்துச் சொன்னதுதான். பக்கத்தில் வாத்தியம் வைத்துத் தடவிப் பார்ப்பதில்லை. ஐந்து கோட்டுத் தாளை எடுத்து வைத்து, தலைக்குள் கேட்பதை நேரே பேனாவால் எழுதிக்கொண்டே போவார். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், டிரம்பெட், வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. ஒரே நொடியில் இத்தனை பேரும் என்ன வாசிக்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்தின் ஒரே நெடுக்கோட்டில் இருக்கும்.

அதில் இன்னொரு கூத்து இருக்கிறது. பி-பிளாட் கிளாரினெட்டுக்குத் தாளில் எழுதும் சுரம் வேறு, காதில் விழும் சுரம் வேறு. எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே கேட்கும். எப் ஹார்ன் ஐந்து சுரம் இறங்கிக் கேட்கும். வயோலாவுக்கோ படிக்கும் குறியே தனி. நம்மூரில் பாடகருக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று சுருதி மாற்றுவோமே, அந்த மாற்றத்தை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு விதமாக, மனதுக்குள்ளேயே, வேகமாக எழுதும்போதே செய்துகொண்டு போக வேண்டும்! இதைச் செய்பவர் மனதில் ஓடுவது சிவபுராணம். எனக்குப் புல்லரிக்கிறது.

அடுத்த சிக்கல் ராகம். ஓதுவார்கள் திருவாசகத்தை வழிவழியாக மோகனத்தில் பாடுவார்கள். ச ரி க ப த, ஐந்தே சுரம், ம-வும் நி-யும் கிடையாது. மேற்கத்திய இசையோ மூன்று சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒலிக்கவிடும் அடுக்குகளின் மேல் நிற்பது. மோகனத்தில் ச-க-ப என்ற அடுக்கு சுலபமாகக் கிடைக்கும். அடுத்த முக்கியமான அடுக்கு ப-நி-ரி. அதில் நி வந்துவிடுகிறது. மூன்றாவது ம-த-ச, அதில் ம! மேற்கத்திய இசை நம்பியிருக்கும் மூன்று தூண்களில் இரண்டு, மோகனத்துக்கு வெளியே நிற்கின்றன. அடுக்கைச் சேர்த்தால் ராகம் கலையும். ராகத்தைக் காத்தால் அடுக்கு குறையும். கிழக்கையும் மேற்கையும் சேர்க்கப் புறப்பட்ட எத்தனையோ முயற்சிகள் இந்த இடத்தில்தான் முட்டி நின்றிருக்கின்றன.

இளையராஜா என்ன செய்தார்? முதலாவது, மோகனம் என்ற ஒரே வீட்டுக்குள் அவர் அடைந்துகிடக்கவில்லை. பதிகத்தின் மனநிலை கேட்ட மெட்டைக் கொடுத்தார். இரண்டாவது, அவருடைய தனி வித்தை. சுரங்களைக் கட்டிக்கட்டியாக அடுக்குவதைவிட, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனக்கென ஒரு பாட்டைக் கொடுத்து ஓடவிடுவார். வயலின் ஒரு வழியில் போகும், செல்லோ எதிரே வரும், ஓபோ நடுவில் புகும். அவை சந்திக்கும் இடங்களில் அடுக்கு தானாகப் பிறந்து, பிறந்த வேகத்தில் கலைந்துவிடும். பாக் காட்டிய வழி அது. ராகத்துக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும், இசைக்குழுவுக்கும் வேலை கிடைக்கும். திருக்கோத்தும்பியில் குரலை விட்டுவிட்டுக் கீழே ஓடும் செல்லோக்களை மட்டும் ஒருமுறை தொடர்ந்து கேளுங்கள். பிறகு வேறு எதையும் பழைய மாதிரி கேட்க முடியாது.

கமகத்துக்கு வருவோம். நம் பாடகர் ஒரு சுரத்தை அசைக்கும் அசைவை ஐந்து கோட்டில் அப்படியே எழுத முடியாது. எழுத முயன்றால் தாள் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். இங்கே கமகம் குரலுக்கு, நேர்ச்சுரம் இசைக்குழுவுக்கு என்று வேலைப்பிரிவினை செய்திருக்கிறார். ஹங்கேரி வயலின்காரர் தமிழ்க் குழைவை நடிக்க வேண்டியதில்லை. அவர் தன் பாணியில் நேராக வாசிக்கலாம். இளையராஜா ஓபரா பாடகராக வேண்டியதில்லை. அவர் தன் கிராமத்துத் தொண்டையோடு பாடலாம். யாரும் யாரையும் போலச் செய்யவில்லை. இந்தப் படைப்பு போலியாகத் தோன்றாமல் இருக்கும் ரகசியம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

அந்த இருபது நிமிடம்

இப்போது சிவபுராணம். கிட்டத்தட்ட 20 நிமிடம் ஓடும் இந்தப் பகுதிதான் படைப்பின் இதயம்.

மூலத்தில் 95 அடிகள். அதில் நடுவே ஓர் இடம். தான் எடுத்துவந்த பிறவிகளையெல்லாம் மாணிக்கவாசகர் வரிசையாகச் சொல்வார். புல்லில் தொடங்கி, புழு, மரம், பறவை, பாம்பு, கல் என்று ஏறி, மனிதர், பேய், அசுரர், முனிவர், தேவர் வரை 14 வடிவங்கள். எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்துப்போனேன் என்ற களைப்பு அதில் இருக்கிறது. வாசிக்கும்போது நாலைந்து அடிதான், பத்து நொடியில் கடந்துவிடலாம். இளையராஜா கடக்கவிடவில்லை. அந்தக் களைப்பின் நீளத்தை நம்மை நடந்தே பார்க்கவைக்கிறார்.

கண்ணை மூடிக் கேளுங்கள். இளையராஜாவின் குரல் தனி மனிதனின் குரல். மெருகேற்றாத, நேரே வரும் குரல். ராய் ஹார்கோர்ட்டின் குரல் மேற்கத்திய மேடையில் பழகிய குரல். குறைகள் நிறைந்த எளிய மனிதன் புனிதமான ஒன்றை எட்டிப்பிடிக்க நினைக்கும் தவிப்பை ஆங்கிலத்தில் பாடுகிறார். இரண்டு மனிதர்கள் என்று முதலில் தோன்றும். கேட்கக் கேட்க, ஒரே ஆளின் இரண்டு பிறவி என்று தோன்றத் தொடங்கும்! பாட்டின் பொருளே பிறவிகள்தானே? ஒரு பிறவியில் தமிழில் அழுதவன் இன்னொரு பிறவியில் ஆங்கிலத்தில் அழுகிறான். இரண்டு மொழி வந்ததற்கு இதைவிட ஆழமான காரணம் வேண்டுமா?

பிறகு சேர்ந்திசை எழுகிறது. ஒரு மனிதனின் களைப்பு இப்போது நூறு தொண்டையில். கீழே நரம்புக் கருவிகள் விடாமல் உந்துகின்றன, மேலே பித்தளைக் கருவிகள் திறந்துகொள்கின்றன, தாளம் நெருக்குகிறது. பிறவிச் சுழற்சி என்று நூல்களில் படித்த ஒன்று, இங்கே காதைப் பிடித்துச் சுழற்றுகிறது. இந்த இடத்தில் ஒலியளவைக் கூட்டுங்கள், தயவு செய்து. பேசிக்கொண்டே கேட்காதீர்கள். ஒருமுறை கேட்டு முடித்ததும் இன்னொரு முறை பேஸ் குரல்களை மட்டும் கேளுங்கள். அடித்தளம் போட்டுக்கொண்டிருக்கும் அந்த ஆண்குரல்கள்தான் மொத்தக் கட்டடத்தையும் தாங்குகின்றன.

ரிச்சர்ட் கிங்கின் கைவண்ணமும் இங்கேதான் தெரியும். வேறு வேறு ஊர்களில் பதிவான குரல்களையும் கருவிகளையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுபோல் கேட்கவைப்பது பெரிய கலை. ஒவ்வொரு அறைக்கும் ஓர் எதிரொலி உண்டு. புடாபெஸ்டின் பெரிய கூடமும் சென்னை ஒலிப்பதிவுக்கூடமும் ஒரே மாதிரி ஒலிக்காது. குரலை முன்னால் கொண்டுவந்தால் இசைக்குழு பின்னணி இசையாகச் சுருங்கிவிடும். இசைக்குழுவை உயர்த்தினால் தமிழ் வரி மூழ்கிவிடும். இங்கே வரியும் கேட்கிறது, வயோலாவும் கேட்கிறது.

நம்மூர்க் காது

டிசம்பர் மாதத்தில் நாகர்கோவிலில் நான்கு நாள் இருந்து பாருங்கள். விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் மார்கழித் திருவிழா. இரவானால் கேரல் ரவுண்ட்ஸ். கிட்டாரும் டிரம்மும் ஏந்திய இளைஞர் கூட்டம் வீடுவீடாக. ஒரே நாளின் இரண்டு முனையில் இரண்டு இசை. நடுவில் தூங்குபவர்கள் ஒரே மக்கள்.

அந்த மாதத்தில் ஏதாவது ஒரு சர்ச் கூடத்தில் கொயர் பயிற்சியை எட்டிப் பாருங்கள். கொயர் மாஸ்டர் கீபோர்டில் நான்கு சுரம் தட்டுவார்; சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு வரிசையும் தத்தம் சுரத்தை வாய்க்குள் முனகிப் பிடித்துக்கொள்ளும். பழைய ஆட்கள் கையில் சோல்ஃபா தாள். ஐந்து கோடு கிடையாது, டோ ரே மியின் முதலெழுத்துகளும் இடையிடையே புள்ளிகளும்தான். தனித்தனியாகப் பாடும்போது பேஸ் வரிசையின் பாட்டு ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். நான்கும் சேரும் அந்த நொடியில் அறையே உப்பி எழும்! ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூர் வந்து மயிலாடியில் ஊழியம் தொடங்கியதிலிருந்து, இருநூறு ஆண்டாக இந்தப் பல்குரல் பாட்டு நம் தெருவில் வேர்பிடித்திருக்கிறது. புனித வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயில்களில் பாடுகளின் வரலாற்றைச் சொல்பவர் ஒரு குரல், இயேசு ஒரு குரல், மற்றவர் ஒரு குரல் என்று பிரித்துப் பாடுவதும் ஓரட்டோரியோவின் நெருங்கிய சொந்தம்தான்.

மறுபக்கம், நாகர்கோவிலில் 1839-இல் பிறந்த நீலகண்ட சிவன். சிவனைப் பாடிப் பாடியே வாழ்ந்தவர். பாபநாசம் சிவனுக்கு வழிகாட்டிய விளக்கு. சுசீந்திரத்தின் அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்கள். தட்டினால் ஒவ்வொரு சிறு தூணும் அதன் தடிமனுக்கும் நீளத்துக்கும் ஏற்ற ஒவ்வொரு ஒலி. கருங்கல்லைப் பாடவைக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்த சிற்பியைவிடப் பெரிய ஒலிச் சோதனையாளர் யார்? பக்கத்துத் தேரூரில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. எட்வின் ஆர்னால்ட் ஆங்கிலத்தில் எழுதிய புத்தர் காவியத்தைத் தழுவி 'ஆசிய ஜோதி' தந்தவர். சைவக் கவிஞர், ஆங்கிலேயர் எழுத்து, புத்தர் கதை, நாஞ்சில் தமிழ்!

இப்படிப்பட்ட மாவட்டத்திலிருந்து கிளம்பிய ஒரு பாதர், திருவாசகத்தைப் பல்குரலில் கேட்க ஆசைப்பட்டதில் வியப்பே இல்லை. ஓதுவார் குரலும் கொயர் குரலும் ஒரே காற்றில் மிதக்கும் ஊரில் அந்த ஆசை எந்த நேரமும் பிறக்கலாம்.

ஒரு மார்கழி போதும்

இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியபோது தமிழுலகமே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். அதற்கு 20 ஆண்டு முன்பே தமிழ் வரிகளோடு அவர் எழுப்பிய இந்தக் கோயிலுக்கும் அதே கூட்டம் வர வேண்டும் என்பது என் தீராத ஆசை. குறுந்தட்டில் கேட்டதோடு நின்றுவிடக் கூடாது. மனிதர்கள் நின்று, மூச்சிழுத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாட வேண்டிய பாட்டு இது. ஹாண்டலின் 'மெசையா' இருநூற்றெண்பது ஆண்டுக்கு மேலாக உயிரோடு இருப்பது, ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதோ ஓர் ஊரின் சாதாரணக் கொயர் அதைப் பாடிக்கொண்டிருப்பதால்தான்.

நாஞ்சில் நாட்டில் இதற்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான்கு குரல் பிரித்துப் பாடத் தெரிந்த கொயர்கள் ஊருக்கு ஊர். பதிகம் தெரிந்த ஓதுவார்கள் இருக்கிறார்கள். குடமும் உடுக்கையும் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். முறைப்படி அனுமதி வாங்கி, அச்சப்பத்திலிருந்து தொடங்கலாம். சிறியது, நிமிர்வானது, அடுக்கடுக்காக வருவதால் சேர்ந்திசைக்கு ஏற்றது. சோல்ஃபா தாளில் பிரித்து எழுதிக்கொடுத்தால் நம் பேஸ் வரிசை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். தமிழ் உச்சரிப்பை ஓதுவார் ஐயா திருத்தட்டும், பல்குரலைக் கொயர் மாஸ்டர் பார்த்துக்கொள்ளட்டும். திருவெம்பாவையும் கேரலும் ஒரே மாதத்தில் வரும் ஊருக்கு ஒரு மார்கழி போதும். எங்கே, எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள். நாற்காலி எடுத்துப் போடுவதிலிருந்து நான் வந்து நிற்கிறேன்!